சட்டை போட்ட மரங்கள்

சலூன் கடைக்காரர் காலையில் கடை திறப்பதற்கு முன் வீட்டுக்குப் பின்னால் இருந்த எலுமிச்சைத் தோட்டத்தில் ஏணியின் மேல் நின்றிருந்தார். ஏணிப்படியில் சுண்ணாம்பு வாளி தொங்கியது. பிரஷை நனைத்து, மூலையில் இருந்த பெரிய மரத்தின் கிளைகளுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். தண்டுக்குப் பூசுவது வழக்கம்தான், எல்லோரும் பூசுவார்கள். கிளைகளுக்குப் பூசுவது வழக்கமில்லை.

துணி காயப்போட வந்த அவர் மனைவி கீழிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, முந்தின வருஷம் மரத்துக்கு சாக்ஸ் போட்டீங்க. போன வருஷம் இடுப்பு வரைக்கும் பேன்ட். இப்போ சட்டையும் போட்டாச்சு. அடுத்தது தொப்பியா?"

"நீ துணியைக் காயப்போடு."

"காயப்போட்டாச்சு. நீங்க போட்ட சட்டைதான் இன்னும் ஈரமா இருக்கு."

அவர் பிரஷை மறுபடியும் வாளியில் நனைத்தார். அந்த வெள்ளைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல இருவரும் நடந்துகொண்டார்கள்.

அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் பின்னால் எலுமிச்சை மரங்கள் உண்டு. வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சலூன் கடைக்காரர் அதன் தலைவர். ஆண்டுக்கு ஒரு முறை நாற்றுப்பண்ணையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து, தெருவிலேயே நல்ல மரம் எது என்று பார்த்து, அதற்குத் தாய்மரம் என்று அட்டை கட்டுவார். அந்த மரத்தின் ஒட்டுக்குச்சிகளை வெட்டி எடுத்துப்போய்ப் பண்ணையில் கன்றுகள் உருவாக்குவார்கள். அந்தக் கன்றுகள் எங்கெங்கோ இருக்கும் தோட்டங்களுக்குப் போகும். பல ஆண்டுகளாக அந்த அட்டை தலைவரின் மூலை மரத்துக்குத்தான். கடையில் முடிவெட்ட உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், துணியை உதறி எடுப்பதற்குள் அந்த மரத்தில் வந்து முடியும்.

இப்போது அந்த மரம் நோயில் இருந்தது. முதலில் ஒரு கிளையின் நுனி காய்ந்தது. இலைகள் உதிராமல் அப்படியே சுருண்டு தொங்கின. காய்தல் நுனியிலிருந்து கீழ்நோக்கி இறங்கியது. கிளை பிரியும் இடங்களில் பட்டை வெடித்து, கண்ணீர்த் துளிபோலப் பிசின் வடிந்தது. ஒருநாள் அந்த வெடிப்பை நகத்தால் கீறிப் பார்த்தார். பட்டைக்கு அடியில் வெள்ளையாக இருக்கவேண்டிய கட்டை, தீய்ந்த ரொட்டிபோலக் கறுத்திருந்தது. உடனே திரும்பிப் பார்த்தார், யாராவது பார்த்துவிட்டார்களா என்று. அப்புறம்தான் சுண்ணாம்பு வாளியைத் தேடிப் போனார்.

சங்கத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னவருக்கு என்ன ஆனது என்பதை அவர் மறக்கவில்லை. ஏனென்றால் அதைச் செய்தவரே அவர்தான்.

தெருக்கோடியில் தபால்காரர் வீடு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சங்கக் கூட்டத்துக்கு அவர் ஒரு காய்ந்த கிளையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "என் மரத்துக்கு ஏதோ வந்திருக்கு. உங்க மரங்களையும் ஒரு தடவை பாருங்க" என்றார். எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்கள். தலைவர்தான் முதலில் வாய் திறந்தார்: "கொஞ்ச நாளைக்கு உங்க தோட்டத்துக்குச் சங்கத்து ரம்பம் வேண்டாம். வெட்டின கிளையை நம்ம பொதுக் குவியல்லயும் போடாதீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, மச்சான்."

கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போனது. தபால்காரர் தோட்டத்துக்கு 'நோய்த்தோட்டம்' என்று பெயர் விழுந்தது. அவர் வீட்டுப் பழத்தை யாரும் வாங்கவில்லை, அந்த வீட்டுச் சுவர் ஓரமாக நடக்கவும் இல்லை. அவரும் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். தபால் கொடுக்கும்போது மட்டும் வருவார். 'மச்சான்' போய் 'தலைவரே' வந்துவிட்டது.

சங்கத்து ரம்பத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நீளமான கைப்பிடி, நல்ல எஃகுப் பல். எல்லோரும் சேர்ந்து வாங்கியது. கவாத்துக் காலத்தில் காய்ந்த கிளைகளைக் கழிக்க அது வீடு வீடாகப் போகும். அழுக்கோடு அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது மரியாதை இல்லை என்பது சங்கத்தின் எழுதாத விதி. அதற்காகவே பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய துணி ஒன்று இருக்கும். வேலை முடிந்ததும் அந்தத் துணியால் பல்லைப் பளபளவென்று துடைத்து, இரண்டு கையாலும் ஏந்தி அடுத்த வீட்டில் கொடுப்பார்கள். துடைக்காமல் கொடுத்தவர் என்ற பேச்சை அந்தத் தெருவில் இதுவரை யாரும் வாங்கியதில்லை. துணியும் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அதே துணிதான்.

தலைவர் ஏணியில் இன்னும் ஒரு படி ஏறினார். உச்சிக் கிளை வரைக்கும் பூசினால்தான் வித்தியாசம் தெரியாது. அங்கிருந்து பார்த்தால் தெருவின் எல்லாத் தோட்டங்களும் தெரியும். பார்த்தவர் திகைத்துப்போனார். ரொட்டிக்கடைக்காரர் தோட்டத்தில் மரங்களுக்கு மார்பு வரை வெள்ளை. அதற்கடுத்த வீட்டில் கிளைகளுக்கும் வெள்ளை. அதற்கும் அடுத்த வீட்டில் வெள்ளை. தெரு முழுக்க மரங்கள் சட்டை போட்டு நின்றன.

தெருக்கோடியில் ஒரே ஒரு தோட்டம் மட்டும் பச்சையாக இருந்தது. தண்டில் வெள்ளை ஒரு பொட்டுகூட இல்லை. கிளை நுனியெல்லாம் புதுத் துளிர்.

அது நோய்த்தோட்டம்.

அன்று மாலை கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுத் தலைவர் தபால்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார். எதற்கு வந்தோம் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. ஏதோ ரகசிய மருந்து இருக்கும், அதைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று ஒரு நினைப்பு. நாளைக் காலை அதிகாரி வருகிறார் என்ற பயமும் சேர்ந்திருந்தது.

"வாங்க தலைவரே" என்றார் தபால்காரர். "நாற்காலி இருக்கு. தூசியாத்தான் இருக்கும். உட்கார ஆள் வந்து நாளாச்சு."

தலைவர் தூசியைத் தட்டாமலே உட்கார்ந்தார். "மரமெல்லாம் நல்லா இருக்கு போல."

"நோய்த்தோட்டம்தானே. ஏதோ இருக்கு."

"என்ன மருந்து போட்டீங்க?"

தபால்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கசப்பு கொஞ்சம்தான் இருந்தது. "சத்தியமா எனக்குத் தெரியாது. கறுத்த கிளையெல்லாம் வெள்ளைக் கட்டை தெரியற வரைக்கும் வெட்டினேன். பொதுக் குவியல்ல போடக்கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க, அதனால எரிச்சேன். ரம்பம் கிடையாதுன்னு சொல்லிட்டீங்க, அதனால சின்னதா ஒண்ணு சொந்தமா வாங்கினேன். இதுல எது மருந்துன்னு நீங்களே சொல்லுங்க. எல்லாம் நீங்க எழுதிக் கொடுத்த சீட்டுதான்."

தலைவருக்கு அது குத்தலாக மட்டுமே கேட்டது. ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து வந்தார்.

மறுநாள் காலை ரொட்டிக்கடைக்காரர் சலூனில் வந்து உட்கார்ந்தார். அவர் சங்கத்தின் செயலாளர். அதிகாரி வருகிற நாளில் முகம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

"அண்ணே, சீக்கிரம் முடிச்சு விடுங்க. மேடம் வர்ற நேரமாச்சு."

தலைவர் நுரையைக் குழைத்து அவர் கன்னத்தில் பூசினார். ஒரு பக்கம் வழித்து முடித்ததும் பிளேடு கொஞ்சம் மழுங்கியதுபோலத் தோன்றியது. புதுப் பிளேடு உறையைக் கிழித்தார்.

"எதுக்குண்ணே வீணா இன்னொண்ணு? அந்த மேசையில கிடக்குதே, அதையே போடுங்களேன்."

"அது முன்னாடி வந்தவருக்குப் போட்டது."

"துடைச்சாப் போச்சு."

"துடைச்சாப் போயிடுமா? நல்லாச் சொன்னே." பல ஆண்டுகளாகப் பலரிடம் சொன்ன பாடத்தை அவர் நாக்கு தானாகவே ஒப்பித்தது. "ஒருத்தர் முகத்துல இருக்கிறது கத்தியில ஒட்டும். கத்தியில இருக்கிறது துணியில ஒட்டும். துணியில இருந்து அடுத்தவர் முகத்துக்குப் போகும். பார்க்கச் சுத்தமாத்தான் இருக்கும். ஒரே துணியால துடைக்கத் துடைக்க நாமளே எல்லாருக்கும் பூசி விடற மாதிரி..."

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"என்னண்ணே?"

"ரம்பம் யார் வீட்டுல இருக்கு?"

"என் வீட்டுலதான். துடைச்சு வச்சிருக்கேன், கவலைப்படாதீங்க."

"எந்தத் துணியால?"

"பெட்டியில இருக்கிற துணியாலதான். வேற எதால?"

தலைவர் கத்தியை மேசையில் வைத்தார். தபால்காரரின் மரங்கள் ஏன் பிழைத்தன என்று இப்போது தெரிந்தது. தண்டனை என்று நினைத்து அவர் தடுத்த ரம்பம்தான் அந்தத் தோட்டத்துக்குள் நுழையாமல் போயிருக்கிறது. காய்ந்த கிளைகளின் பொதுக் குவியலும் அங்கே இல்லை. மற்ற எல்லோருக்கும் அவர்களே மரியாதையோடு, இரண்டு கையாலும் ஏந்தி, நோயைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

"அண்ணே, இன்னொரு கன்னம்?"

அப்போது தெருவில் நாற்றுப்பண்ணை வண்டியின் சத்தம் கேட்டது. தலைவர் வீட்டை நோக்கி ஓடினார். ரொட்டிக்கடைக்காரர் கழுத்துத் துணியோடு, பாதி முகம் நுரையோடு, பின்னால் ஓடினார்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அதிகாரி மூலை மரத்தின் அடியில் நின்றிருந்தார். ஒட்டுக்குச்சி வெட்டும் ஆட்கள் பையோடு காத்திருந்தார்கள். சங்கத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள், யாருடைய கண்ணும் யார் மரத்திலும் அதிக நேரம் நிற்கவில்லை.

"வழக்கம்போல இந்த மரம்தானே, தலைவரே?" என்று அட்டையை எடுத்தார் அதிகாரி.

தலையை ஆட்டினால் போதும். இந்த ஆண்டு தப்பித்துவிடலாம். அவர் மரத்தின் பெயர் நிற்கும், அவர் பெயரும் நிற்கும். ஆனால் அந்தக் குச்சிகள் இன்று மாலைக்குள் பண்ணைக்குப் போகும். அங்கிருந்து நோய் ஒவ்வொரு கன்றுக்குள்ளும் ஒளிந்துகொண்டு, முகம் தெரியாத எத்தனையோ பேரின் தோட்டத்துக்குப் போகும்.

தலைவர் மனைவியைப் பார்த்தார். அவர் கேலி எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய்க் காய்கறி வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தார்.

தலைவர் மரத்தின் பெரிய கிளையில் சுண்ணாம்பைச் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்தது. பிசின் வந்தது. பட்டையைக் கீறி விலக்கினார். கறுப்பு எல்லோருக்கும் தெரிந்தது.

"இந்த மரத்துக்கு அட்டை கட்டாதீங்க, மேடம். இதுக்கு நோய். மாசக்கணக்கா நான் மறைச்சுட்டு இருக்கேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர், "தலைவரா இருந்துட்டு இப்படிப் பண்ணலாமா? தெரு மானமே போச்சு" என்றார். தலைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரொட்டிக்கடைக்காரர் முன்னால் வந்தார். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "மானம்னு பேசுறவரே, உங்க மரம் ஏன் கழுத்து வரைக்கும் வெள்ளையா இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம். சரி, நானே முதல்ல சொல்றேன். என் மரம் ரெண்டுக்கும் இதேதான். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல."

"என்னோடதும்" என்றது ஒரு குரல். "எங்களோடதும்" என்றது இன்னொன்று. பின்னாலிருந்து மானம் பேசியவர் கடைசியாக, மிக மெதுவாக, "எனக்கு மூணு மரம்" என்றார். அவ்வளவு நாளாக அடக்கிவைத்த மூச்சு வெளியே வந்ததுபோல யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தது ஒரே நோய்க்குத்தான் என்பது தெரிந்துவிட்டது.

அதிகாரி சிரிக்கவில்லை. அட்டையைப் பைக்குள் வைத்தார். "இந்த வருஷம் இந்தத் தெருவுல இருந்து ஒரு குச்சிகூட எடுக்க முடியாது" என்றார். "ஆனா இதை இன்னிக்கு நீங்க சொல்லலைன்னா எங்க பண்ணையையே மூடவேண்டி வந்திருக்கும். அதுக்கு நன்றி சொல்லணும்." ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு துண்டுக் கிளை வெட்டி, தனித்தனிக் கவரில் போட்டு, ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார். தபால்காரர் தோட்டத்திலிருந்தும் ஒன்று.

சில நாளில் முடிவோடு திரும்பி வந்தார். பட்டைக்கு அடியில் வாழும் ஒரு பூஞ்சை என்றார். மரத்தில் காயம் இருந்தால் அதன் வழியாக நுழையும். கவாத்து வெட்டு அதற்குத் திறந்து வைத்த கதவு. காய்ந்து கிடக்கும் கிளைக் குவியலில் பெருகும். மழைச் சாரலில் தெறித்து அடுத்த மரத்துக்குப் போகும். சுத்தம் செய்யாத கத்தியிலும் ரம்பத்திலும் சவாரி செய்யும். மேலே எதைப் பூசினாலும் அது உள்ளே கீழ்நோக்கி நடந்துகொண்டே இருக்கும். தபால்காரர் மரத்தில் மட்டும் அது இல்லை.

அன்றே தலைவர் தபால்காரர் வீட்டுக்குப் போனார், சங்கத்தார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு. வாசலில் நின்று சொன்னார்: "நீ நல்லதுக்குச் சொன்னே. நான் உன்னை ஒதுக்கி வச்சேன். மன்னிச்சுக்கோன்னு கேட்கிறதுக்குக்கூட எனக்கு வாய் வரல. வந்து எங்களுக்கு வெட்டக் கத்துக்கொடு."

தபால்காரர் கூட்டத்தைப் பார்த்தார். "இத்தனை பேருக்கு என் வீட்டுல நாற்காலி இல்லையே" என்றார். உள்ளே போய்த் தன் சின்ன ரம்பத்தை எடுத்துவந்தார்.

வானம் காய்ந்திருந்த நாட்களாகப் பார்த்து வேலையைத் தொடங்கினார்கள். ஈரத்தில் வெட்டினால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம் என்று அதிகாரி எச்சரித்திருந்தார். முதலில் பெட்டியிலிருந்த பழைய துணியை எரித்தார்கள், அதன்பின் பொதுக் குவியலை. தலைவர் தன் கடையிலிருந்து ஸ்பிரிட் பாட்டில்களைக் கொண்டுவந்தார். ஒரு மரம் முடிந்ததும் ரம்பத்தை ஸ்பிரிட்டால் கழுவிக் காயவிட்ட பிறகே அடுத்த மரம். தெரு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. ரொட்டிக்கடைக்காரர் எல்லோருக்கும் ரொட்டி கொண்டுவந்து, கையைக் கழுவாதவர்களுக்குக் கிடையாது என்று கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மூலை மரத்தைத் தலைவரே வெட்டினார். ஒரு கிளையை அறுத்து வெட்டுவாயைப் பார்த்தார். நடுவில் கறுப்பாக ஒரு வளையம்.

"இன்னும் கீழ" என்றார் தபால்காரர்.

இன்னும் கீழே வெட்டினார். வளையம் சிறுத்திருந்தது, ஆனால் இருந்தது.

"போதாதா?"

"போதாது. இன்னும் கீழ, மச்சான்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் தலைவரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு முழு பலத்தோடு அறுத்தார். கிளை விழுந்தது. வெட்டுவாய் சுத்தமாக, ஈரமாக, வெள்ளையாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மரம் மொட்டையாக நின்றது. அதைப் பார்த்துத் தலைவரின் மனைவி, "உங்க கடைக்கே இவ்வளவு நல்ல மொட்டை இதுவரைக்கும் வந்ததில்ல" என்றார். தலைவர் அழுதுகொண்டே சிரித்தார்.

எல்லா மரமும் பிழைத்தது என்று சொன்னால் அது பொய். சில மரங்களை வேரோடு எடுக்க வேண்டியிருந்தது. மற்றவை துளிர்த்தன. முதலில் மூலை மரத்தின் தண்டில் பொட்டுப் பொட்டாகப் பச்சை வந்தது, அப்புறம் வீட்டுக்கு வீடு வந்தது. அடுத்த முறை அதிகாரி வந்தபோது தெருவில் ஒரு மரத்திலும் வெள்ளை இல்லை, ஒளிக்கவும் எதுவும் இல்லை. மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டுத் தபால்காரர் மரத்துக்குத் தாய்மர அட்டை கட்டினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தலைவர். அன்று சங்கத்தில் ஒரே ஒரு புதிய விதி போட்டார்கள்: மரத்தில் நோய் என்று முதலில் சொல்பவர் வீட்டுக்குத்தான் எல்லோரும் முதலில் வேலைக்குப் போகவேண்டும்.

அந்த விதிக்கு விரைவிலேயே வேலை வந்தது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண் ஒரு காலையில் சலூன் வாசலில் தயங்கி நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளே வந்து பிரித்துக் காட்டினார். காய்ந்த எலுமிச்சைக் குச்சி. பட்டையில் பிசின்.

"வந்த உடனே இப்படி ஆயிடுச்சுங்க. தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க. தெரிஞ்சா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

தலைவர் அந்தக் குச்சியை வாங்கிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போயிற்று. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரொட்டிக்கடைக்காரர் ஏணியோடு வந்தார். தபால்காரர் பையை வைத்துவிட்டு ரம்பத்தோடு வந்தார். தலைவரின் மனைவி ஸ்பிரிட் பாட்டிலோடு வந்தார்.

"நோய் வர்றது யார் குற்றமும் இல்லம்மா" என்றார் தலைவர். "அதை மூடி மறைக்கிறதும், வந்தவங்களை ஒதுக்கி வைக்கிறதும்தான் அதை ஊர் முழுக்கப் பரப்புது. அது மரத்துக்கும் சரி, மனுஷனுக்கும் சரி. நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு கேட்டீங்களே. இதோ நாலு பேரும் வந்துட்டோம். என்ன சொல்றோம்னு நீங்களே கேட்டுக்கோங்க."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"தோட்டம் எந்தப் பக்கம்மா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "ஏணி கனக்குது."